முதல் மஞ்சள் பட்டாம்பூச்சி: ஒரு குடும்பத்தின் இருநூறு ஆண்டுக் கணக்கு

இங்கிலாந்தில் பிப்ரவரி முடிந்து மார்ச் பிறக்கும் சமயத்தில் ஒரு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும். பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பக்கத்தில் உள்ள காட்டுப் பாதையில் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். மரங்களில் இன்னும் இலை வந்திருக்காது. தரை ஈரமாகவே இருக்கும். ஆனாலும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி உண்டு: இந்த ஆண்டின் முதல் பட்டாம்பூச்சியை யார் முதலில் பார்ப்பது?

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றலாம். இங்கே பட்டாம்பூச்சி ஆண்டு முழுக்கப் பறக்கும். "முதல்" பட்டாம்பூச்சி என்று ஒன்றைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் ஒன்றுகூடக் கண்ணில் படாது. அதனால்தான் முதலில் வருவதற்கு அவ்வளவு மதிப்பு.

சரி, இதில் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. இந்தச் சின்னப் போட்டியை ஒரு குடும்பம் 1736ஆம் ஆண்டிலிருந்து 1958 வரை, தலைமுறை தலைமுறையாக, தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறது! பொழுதுபோக்கு என்று பலர் நினைத்திருக்கக்கூடிய அந்தத் தேதிகளைத்தான் பின்னாளில் விஞ்ஞானிகள் தேடிப் போய்ப் படித்தார்கள். அந்தக் குடும்பத்தைப் பற்றியும், அவர்கள் எழுதி வைத்த மஞ்சள் பட்டாம்பூச்சியைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

எல்லாருக்கும் முன்னால் வரும் பூச்சி

முதலில் கதாநாயகனை அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர் பிரிம்ஸ்டோன். ஆங்கிலத்தில் கந்தகத்துக்குப் பழைய பெயர் அது. ஆண் பூச்சியின் இறக்கை கந்தகம் போலவே பளிச்சென்ற மஞ்சள். பெண் பூச்சி வெளிறிய பச்சை கலந்த வெள்ளை. தூரத்தில் பறக்கும்போது பெண்ணைப் பார்த்து வேறு இனம் என்று நினைப்பவர்கள் நிறைய. விஞ்ஞானப் பெயர் கோனெப்டெரிக்ஸ் ராம்னி.

இது ஏன் மற்றவற்றுக்கு முன்னால் வருகிறது? பெரும்பாலான பட்டாம்பூச்சிகள் குளிர்காலத்தை முட்டையாகவோ புழுவாகவோ கூட்டுப்புழுவாகவோ கழிக்கின்றன. வசந்தம் வந்த பிறகுதான் அவை வளர்ந்து, உருமாறி, இறக்கை முளைத்து வெளியே வர முடியும். பிரிம்ஸ்டோன் அப்படியில்லை. அது இறக்கை உள்ள முழுப் பூச்சியாகவே குளிர்காலத்தைத் தாண்டுகிறது. ஐவி கொடி, ஹாலி போன்ற, இலை உதிராத செடிகளின் இலைகளுக்கு அடியில் இறக்கையை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் அசையாமல் தொங்கும். மூடிய இறக்கை பார்ப்பதற்கு நரம்பு ஓடிய இலை மாதிரியே இருக்கும். வெயில் வந்து உடல் சூடானதும் எழுந்து பறக்கும். அதற்கு ஒரே ஒரு இதமான நாள் போதும்.

பீக்காக், ஸ்மால் டார்ட்டாய்ஸ்ஷெல், காமா என்ற மூன்று இனங்களும் இதேபோல முழுப் பூச்சியாகக் குளிரைத் தாண்டுபவை. மார்ச் மாத நடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஏப்ரலில் ஆரஞ்சு டிப் வரும். ஆணின் இறக்கை நுனியில் ஆரஞ்சுச் சாயம் தொட்டது போல இருக்கும். ஆனால் அது கூட்டுப்புழுவிலிருந்து புதிதாகப் பிறந்து வருவது. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

இன்னொரு விஷயம். மார்ச்சில் பறக்கும் பிரிம்ஸ்டோன் உண்மையில் முந்தைய ஆண்டின் ஜூலை, ஆகஸ்ட்டில் பிறந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு வாழும். பட்டாம்பூச்சிகளில் இது நீண்ட ஆயுள். புது வருஷத்தின் முதல் பூச்சி என்று நாம் கொண்டாடுவது போன வருஷத்துப் பூச்சியை! வெண்ணெய்க்கும் பட்டாம்பூச்சிக்கும் ஆங்கிலப் பெயரில் உள்ள தொடர்பே இந்த மஞ்சள் நிறத்தால் வந்ததுதான் என்று ஒரு கருத்து பிரபலம். கேட்க நன்றாக இருக்கிறது. உறுதியான ஆதாரம் கிடையாது.

பட்டாம்பூச்சி பார்ப்பது பைத்தியக்காரத்தனமா?

மார்ஷம் குடும்பத்துக்கு வருவதற்கு முன், அந்தக் காலத்தில் பூச்சி பார்ப்பவர்களை உலகம் எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்று ஒருவர் இருந்தார். மருந்துக் கடை வைத்திருந்தவர். கப்பல் மாலுமிகள், வைத்தியர்கள், வியாபாரிகள் என்று யாரைப் பார்த்தாலும் செடி, பூச்சி, சங்கு என எதையாவது கொண்டுவரச் சொல்வார். அவருக்குச் சென்னையோடும் தொடர்பு உண்டு. புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் நம் பக்கத்துச் செடிகளைச் சேகரித்து அனுப்பினார். பெட்டிவர் அவற்றைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். இங்கிலாந்துப் பட்டாம்பூச்சிகள் பலவற்றுக்கு முதன்முதலில் ஆங்கிலப் பெயர் கொடுத்து அச்சிட்டவரும் இவரே.

பெட்டிவரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர்களில் ஒருவர் எலினார் கிளான்வில். சாமர்செட் பகுதியைச் சேர்ந்த, சொத்துள்ள பெண்மணி. பட்டாம்பூச்சிகளைத் தேடிப் பிடித்து, புழுவிலிருந்து வளர்த்தும் பார்த்தவர். 1709இல் இறந்தார். அவர் எழுதி வைத்த உயில் நீதிமன்றத்துக்குப் போனது. அவர் தெளிந்த மனநிலையில் இல்லை என்று வாதம். புத்தி சரியாக உள்ள யாரும் பட்டாம்பூச்சி பின்னால் அலைய மாட்டார்கள் என்று உறவினர்கள் சொன்னதாக, மோசஸ் ஹாரிஸ் என்பவர் 1766இல் வெளியிட்ட தன் பட்டாம்பூச்சிப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். உயில் கடைசியில் செல்லாமல் போனது. அவர் பெயர் மட்டும் நிலைத்தது. கிளான்வில் ஃபிரிட்டிலரி என்று இன்றும் ஒரு பட்டாம்பூச்சி பறக்கிறது.

ஏமாற்றிய மஞ்சள் பூச்சி

பிரிம்ஸ்டோனுக்கு இந்தக் காலத்தில் ஒரு மோசடிக் கதையும் உண்டு. 1702இல் வில்லியம் சார்ல்டன் என்பவர் பெட்டிவருக்கு ஒரு பூச்சியைக் கொடுத்தார். வடிவம், நிறம் எல்லாம் பிரிம்ஸ்டோன்தான். ஆனால் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள், பின் இறக்கையில் நீல நிறத்தில் பிறை போன்ற குறிகள். இப்படி ஒன்றை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பெட்டிவர் படம் வரைந்து வெளியிட்டார்.

அறுபது ஆண்டுகள் கழித்து, உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை உருவாக்கிய லின்னேயஸே இதைத் தனி இனம் என்று ஏற்று, 1763இல் பெயரும் வைத்துவிட்டார். கிரகணம் என்ற பொருள் வரும் பெயர்! லின்னேயஸின் மாணவரான ஃபேப்ரீசியஸ் 1793இல்தான் உண்மையைச் சொன்னார். அது சாதாரண பிரிம்ஸ்டோன். புள்ளிகள் யாரோ தூரிகையால் வரைந்தவை.

90 ஆண்டுகள் பெரிய பெரிய அறிஞர்களை ஒரு சொட்டு மை ஏமாற்றியிருக்கிறது. யார் வரைந்தார், எதற்காக வரைந்தார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்தில் இயற்கையைப் பற்றிய அறிவு என்றால் "அரிய பொருள் ஒன்றைக் கைக்குக் கொண்டுவருவது" என்றே பலரும் நினைத்தார்கள். கையில் பொருள் இருந்தால் அதுவே சாட்சி. அரிதாக எதுவும் இல்லாத, தினமும் பார்க்கும் விஷயங்களை எழுதி வைப்பதில் என்ன பயன் என்று கேட்ட காலம் அது. அந்தப் பயனற்ற வேலையைத்தான் நார்ஃபோக்கில் ஒருவர் ஆரம்பித்தார்.

ராபர்ட் மார்ஷம்

ராபர்ட் மார்ஷம் 1708இல் பிறந்தவர். நார்ஃபோக் மாவட்டத்தில் நார்விச் நகருக்கு வடக்கே ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ் என்ற கிராமத்தில் பண்ணையும் வீடும் வைத்திருந்த குடும்பம். இவருக்கு மரம் நடுவதில் தீராத ஆசை. நட்டதோடு விடாமல் அடிமரத்தின் சுற்றளவை அளந்துகொண்டே இருப்பார். மரத்தின் பட்டையைத் தேய்த்துக் கழுவினால் வேகமாகப் பருக்குமா என்று பார்ப்பதற்காக மரத்தைக் குளிப்பாட்டி, அதைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதியும் அனுப்பியவர்!

1736இல், 28 வயதில், வசந்தத்தின் அடையாளங்களைத் தேதியோடு குறிக்கத் தொடங்கினார். மொத்தம் 27 அடையாளங்கள். 13 மரங்கள் எப்போது துளிர்க்கின்றன. ஸ்னோட்ராப், மர அனிமோன், ஹாதார்ன், டர்னிப் ஆகிய நான்கும் எப்போது பூக்கின்றன. ரூக் என்னும் காக்கை இனம் எப்போது கூடு கட்டுகிறது, எப்போது குஞ்சு பொரிக்கிறது. த்ரஷ் எப்போது பாடுகிறது, காட்டுப்புறா எப்போது கூவுகிறது. தகைவிலான், குக்கூ, நைட்டிங்கேல், இரவில் பறக்கும் பக்கி ஆகியவை எப்போது வருகின்றன. தவளை எப்போது கத்துகிறது. இந்த 27இல் ஒன்று: மஞ்சள் பட்டாம்பூச்சி எப்போது தோன்றுகிறது.

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அரிதான உயிரினம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வீட்டு வாசலிலிருந்தும் வயல் வரப்பிலிருந்தும் காட்டு ஓரத்திலிருந்தும் பார்க்கக் கூடியவை. டர்னிப் ஏன் வந்தது? நார்ஃபோக் விவசாயத்துக்கு அது உயிர்நாடி. குளிர்காலத்தில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அந்தக் கிழங்குதான் தீனி. 13 மரங்கள் ஏன்? அவர் மரம் வளர்ப்பவர். இந்த இரண்டுக்கும் காரணம் சொல்லிவிடலாம். மஞ்சள் பட்டாம்பூச்சிக்கு என்ன காரணம்? அதனால் பண்ணைக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வசந்தம் வந்துவிட்டது என்று கண்ணுக்குச் சொல்லும் பூச்சி, அவ்வளவுதான். எனக்கு மார்ஷமைப் பிடித்துப் போனதே இந்த ஒரு வரியால்தான்.

அவர் தொடங்கி நான்கே ஆண்டுகளில் 1740 வந்தது. மத்திய இங்கிலாந்தின் வெப்பநிலைக் கணக்கு 1659இலிருந்து இருக்கிறது. அந்தக் கணக்கு முழுவதிலும் மிகக் குளிரான ஆண்டு 1740தான். ஆண்டு சராசரியே 6.8 டிகிரி செல்சியஸ். இப்படி மிக மோசமான ஆண்டும் நல்ல ஆண்டும் ஒரே நோட்டுக்குள், ஒரே மனிதர் ஒரே இடத்தில் நின்று பார்த்ததாக அமைந்துவிட்டன.

53 ஆண்டுகள் கழித்து, 1789இல், தன் 81ஆவது வயதில் இந்தக் கணக்கை "வசந்தத்தின் அறிகுறிகள்" என்ற தலைப்பில் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். நீண்ட விளக்கமெல்லாம் கிடையாது. பெரும்பகுதி வெறும் அட்டவணை. தேதிகள், தேதிகள், தேதிகள்.

அதே சமயத்தில் கில்பர்ட் வைட் எழுதிய செல்போர்ன் கிராமத்தின் இயற்கை வரலாறு வெளியாகியிருந்தது. ஆங்கிலத்தில் இன்றும் அச்சில் இருக்கும் புகழ்பெற்ற புத்தகம். அதைப் படித்த மார்ஷம் 1790இல் வைட்டுக்குக் கடிதம் எழுதினார். எழுதியவருக்கு 82 வயது, பதில் போட்டவருக்கு 70 வயது! ஒருவர் நார்ஃபோக்கில், மற்றவர் தெற்கே ஹாம்ப்ஷயரில். மரம், பறவை, குளிர் என்று 1793இல் வைட் இறக்கும் வரை கடிதங்கள் ஓடின. வைட்டும் தன் நாட்குறிப்பில் பிரிம்ஸ்டோன் வந்த நாளைக் குறிப்பவர்தான். புகழ் வைட்டுக்குப் போனது. ஆனால் வைட்டோடு அவர் நாட்குறிப்பு முடிந்துவிட்டது. மார்ஷம் 1797இல் இறந்தார். அவருடைய கணக்கு முடியவில்லை.

பேரன்கள் ஏன் தொடர்ந்தார்கள்?

இதுதான் கதையின் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். ஒரு மனிதர் 60 ஆண்டுகள் குறித்து வைப்பது ஒரு ஆச்சரியம். அவர் போன பிறகு பிள்ளைகள் அந்த நோட்டைத் தூக்கிப் பரண் மேல் போடாமல் அதே 27 வரிகளைத் தொடர்வது அதைவிடப் பெரிய ஆச்சரியம். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. அரசு கேட்கவில்லை. இதை வைத்து என்ன நிரூபிக்கப் போகிறோம் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. பூமி சூடாவதைப் பற்றி யாரும் பேசாத காலம். "நம் வீட்டில் இப்படிச் செய்வோம்" என்பதைத் தவிர வேறு காரணம் இருந்திருக்கும் என்று தோன்றவில்லை.

இடையில் ஒரு பள்ளம் விழுந்தது. 1810க்குப் பிறகு சுமார் 25 ஆண்டுகளுக்குக் கணக்கு இல்லை. 1836இலிருந்து மீண்டும் வருகிறது. அந்த 25 ஆண்டுகளின் வசந்தங்கள் போனவை போனவைதான். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் விளைவாக 1816இல் ஐரோப்பாவில் கோடையே வராமல் பயிர் அழிந்தது. அந்த ஆண்டுகளில் ஸ்ட்ராட்டனில் மஞ்சள் பட்டாம்பூச்சி எந்தத் தேதியில் வந்தது? இந்தப் பள்ளத்தால் அதை இனி யாராலும் சொல்ல முடியாது. பழைய மரம் இருந்தால் அதன் வளையத்தை எண்ணலாம். பறந்து போன பூச்சிக்கு எந்த வளையமும் கிடையாது. அன்று யாராவது எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நூற்றாண்டுகள் ஒரே பகுதியில், அதே மரங்களுக்கு நடுவில் ஒரு குடும்பம் இருக்க முடிந்தது என்றால் அதற்குச் சொந்த நிலமும் வசதியும் காரணம். அதே வயலில் டர்னிப் பிடுங்கிய கூலிக்காரருக்கும் குக்கூ எப்போது கூவும், மஞ்சள் பூச்சி எப்போது வரும் என்று மார்ஷம் அளவுக்குத் தெரிந்திருக்கும். ஒருவேளை கூடுதலாகவே தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் அறிந்தது காகிதத்தில் ஏறவில்லை. வரலாறு யாருடைய கண்ணால் நமக்குக் கிடைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு உதாரணம்.

தேதியைப் படிப்பதே ஒரு வேலை

பழைய நோட்டில் "பிப்ரவரி 20" என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? முடியாது! 1752இல் இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியை விட்டுப் புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் காணாமல் போனது. ஆகவே 1752க்கு முந்தைய எந்தத் தேதியையும் இன்றைய தேதியோடு ஒப்பிட வேண்டுமென்றால், எந்த நாட்காட்டியில் எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். பழைய கணக்கு என்றால் 11 நாள் கூட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதுவரை இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு பிறந்தது மார்ச் 25இல். அதனால் பிப்ரவரியில் பார்த்த பூச்சி எந்த ஆண்டின் கணக்கில் போகும் என்பதிலேயே குழப்பம் வரலாம். வசந்தத்தின் முதல் பட்டாம்பூச்சி வருவதோ சரியாக இந்தக் குழப்பமான வாரங்களில்தான்! வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் பூச்சி சில நாள் முன்னே பின்னே வரும். அதைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர் 11 நாளைக் கோட்டைவிட்டால் முடிவு தலைகீழாகிவிடும் இல்லையா?

நோட்டு சொன்ன சேதி

1926இல் ஐவன் மார்கரி என்பவர் மார்ஷம் குடும்பத்தின் கணக்கை 1736 முதல் 1925 வரை திரட்டி, ராயல் வானிலைச் சங்கத்தின் இதழில் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் பிரிட்டனில் ரோமானியர் போட்ட சாலைகளை ஆராய்ந்து பெயர் பெற்ற அதே மார்கரிதான். அழிந்துபோன சாலையின் தடத்தைத் தேடியவருக்கு, கடந்துபோன வசந்தத்தின் தடத்திலும் ஆர்வம் இருந்திருக்கிறது.

அந்தச் சங்கமே 1875 முதல் நாடு முழுக்கத் தன்னார்வலர்களை வைத்துப் பூ பூப்பதையும் பறவை வருவதையும் பூச்சி தோன்றுவதையும் ஆண்டுதோறும் தொகுத்து வந்தது. 1948இல் அது நின்றது. மார்ஷம் குடும்பத்தின் கணக்கும் 1958இல் நின்றது. இரண்டும் நின்றபோது யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். "பூ பூத்த தேதியை எழுதி என்ன ஆகப் போகிறது?" என்ற பழைய கேள்விதான்.

கேள்விக்குப் பதில் 1990களில் வந்தது. பூமி சூடாகிறது, அதற்கு உயிரினங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று விஞ்ஞானிகள் தேட ஆரம்பித்தபோது நீண்ட காலக் கணக்கு தேவைப்பட்டது. புதிதாகத் தொடங்கினால் பலன் தெரிய இன்னும் ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும். பழைய கணக்கு வேண்டும். மார்ஷமின் நோட்டு இருந்தது! 1995இல் ஸ்பார்க்ஸ், கேரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் குடும்பத்தின் 1736 முதல் 1947 வரையான குறிப்புகளை வெப்பநிலைக் கணக்கோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குளிர்காலமும் முன்வசந்தமும் இதமாக இருந்த ஆண்டுகளில் வசந்தத்தின் அடையாளங்கள் முன்கூட்டி வந்திருந்தன. எல்லா உயிரினங்களும் ஒரே அளவில் நகரவில்லை என்பதும் தெரிந்தது. சில வெப்பத்துக்குச் சட்டென்று அசைகின்றன, சில மெதுவாக. மரம் துளிர்ப்பதும், துளிரைத் தின்னும் புழு பிறப்பதும், புழுவைத் தின்னும் பறவை வருவதும் ஒன்றோடு ஒன்று கோத்தவை. ஒன்று முந்தி மற்றது பிந்தினால் பசி வரும்.

அதே டிம் ஸ்பார்க்ஸ்தான் 1998இல் பொதுமக்களை வைத்து இந்தப் பழக்கத்தை மீண்டும் தொடங்கியவர். 2000இல் உட்லேண்ட் டிரஸ்ட் என்ற அமைப்பு அதில் சேர்ந்தது. இப்போது குடும்பங்களும் பள்ளிப் பிள்ளைகளும் நடைக்குப் போய்ப் பார்த்ததைப் பதிவு செய்கிறார்கள். 1736இல் ஒருவர் செய்ததை இன்று ஆயிரக்கணக்கானவர்கள் செய்கிறார்கள்.

"முதல்" என்பதை எவ்வளவு நம்பலாம்?

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முதல் பட்டாம்பூச்சியின் தேதியில் சில பலவீனங்கள் உண்டு.

ஒன்று, தேடும் கண்கள் கூடினால் முதல் தேதி தானாகவே முன்னால் போகும். பத்துப் பேர் தேடிய ஊரில் மார்ச் 10இல் கிடைத்த பூச்சி, ஆயிரம் பேர் தேடினால் மார்ச் 1இலேயே கிடைக்கலாம். வெப்பநிலை மாறியிருக்க வேண்டியதே இல்லை.

இரண்டு, முதலில் வருவது ஒற்றைப் பூச்சி. அது கூட்டத்தின் சராசரி அல்ல.

மூன்றாவது பிரிம்ஸ்டோனுக்கே உரிய சிக்கல். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இது முழுப் பூச்சியாகத் தூங்குவதால் ஜனவரியில் ஒரு நாள் வெயில் அடித்தால்கூட எழுந்து பறந்துவிடும். மறுநாள் பனி விழுந்தால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே அதன் முதல் தேதி "வசந்தம் வந்தது" என்பதைவிட "இதமான ஒரு நாள் வந்தது" என்பதையே அதிகம் சொல்கிறது. ஆரஞ்சு டிப் அப்படியில்லை. கூட்டுப்புழுவுக்குள் வளர்ச்சி முடிய வாரக்கணக்கில் வெப்பம் சேர வேண்டும். பருவத்தை அளக்க அது இன்னும் நல்ல அளவுகோல்.

இந்தக் குறைகளைத் தாண்டுவதற்கு வேறு வகையான ஒரு நடை வந்தது. 1973இல் கேம்பிரிட்ஜ் பக்கத்தில் மங்க்ஸ் வுட் காட்டில் எர்னி பொல்லார்ட் என்ற ஆய்வாளர் ஒரு முறையை வகுத்தார். ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முடியும் வரை 26 வாரங்கள், வாரம் ஒருமுறை, அதே பாதையில், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும். 5 மீட்டர் அகலத்துக்குள் தெரியும் பட்டாம்பூச்சிகளை மட்டும் எண்ண வேண்டும். குளிர் 13 டிகிரிக்குக் கீழே போனாலோ மழை பெய்தாலோ எண்ணக் கூடாது. எதுவும் கண்ணில் படாத வாரத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இவ்வளவுதான்! வலை வேண்டாம், கருவி வேண்டாம்.

1976இல் இது நாடு தழுவிய திட்டமானது. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆரம்பித்து இன்று ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கிறது. நடப்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தன்னார்வலர்கள். இந்தக் கணக்கை வைத்து ராய், ஸ்பார்க்ஸ் என்ற இருவர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பநிலை 1 டிகிரி கூடினால் பிரிட்டனில் பெரும்பாலான பட்டாம்பூச்சிகள் 2 முதல் 10 நாள் வரை முன்கூட்டித் தோன்றக்கூடும் என்று சொன்னது.

இதைப் படித்துவிட்டு மார்ஷம் முறை பழையது, பொல்லார்ட் முறைதான் சரியானது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பொல்லார்டின் கணக்கு துல்லியமானது, ஆனால் அது 1970களுக்கு முன்னால் போகாது. மார்ஷமின் கணக்கு ஓட்டை உள்ளது, ஆனால் 1740க்குள் நம்மைக் கூட்டிப் போகும். ஒன்றை வைத்துத்தான் மற்றதன் குறையைப் புரிந்துகொள்ள முடிகிறது.

நமக்கு என்ன இருக்கிறது இதில்?

பெட்டிவருக்கு வந்த புள்ளி வைத்த பூச்சியையும் மார்ஷமின் ஒரு வரியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முன்னது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். லின்னேயஸே ஒப்புக்கொண்டது. ஆனால் பொய். பின்னது வெறும் தேதி. எழுதியவரைத் தவிர வேறு சாட்சி கிடையாது. ஆனாலும் 200 ஆண்டுகள் கழித்து ஆய்வுக்கு நின்றது. காரணம் எளிமையானது. அதற்கு அடுத்த வரியும், அதற்கு அடுத்த வரியும் இருந்தன. ஒரு தேதி தவறாக இருந்தாலும் மற்ற நூறு தேதிகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். வியப்பான ஒற்றைச் செய்தியை அப்படிச் சரிபார்க்க வழியே கிடையாது.

வரலாறு என்றால் போர், அரசர், ஒப்பந்தம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். மார்ஷம் குடும்பம் கணக்கு எழுதிய காலத்தில் பிரெஞ்சுப் புரட்சி நடந்தது, இரண்டு உலகப் போர்கள் நடந்தன. அவற்றுக்கு நடுவில் யாரோ ஒருவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்து "மஞ்சள் பட்டாம்பூச்சி" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார். அதுவும் ஆவணம்தான்.

பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போகலாம். எழுத வேண்டியது நாலே விஷயம்: தேதி, இடம், எந்தப் பூச்சி, யார் பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே பாதையில் போங்கள். அதனால் என்ன பயன் என்று இப்போது சொல்ல முடியாது. 1736இல் மார்ஷமைக் கேட்டிருந்தால் அவராலும் சொல்லியிருக்க முடியாது.